டிஸ்க்கில் பிடித்த பூசணம்

என் ஆபீசில் இன்றைக்கு நாலு கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஒன்றையும் எனக்கு இயக்கத் தெரியாது. இயக்குகிறவர்களை இயக்கத் தெரியும். அது போதும் என்றுதான் இத்தனை வருடமும் ஓட்டியிருக்கிறேன். தமிழ்ப் பள்ளி முடிந்து போகிற புகுமுக வகுப்பின் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், ஒற்றை லாரியில் ஆரம்பித்து ஈப்போவில் இன்று ஒன்பது லாரி வைத்திருக்கிறேன் என்றால் அது சும்மா வந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு மூளை கொஞ்சம் வேகம். இதை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்டது மட்டும் நான் இல்லை. அக்கா.

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு எங்களுடையது. எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. பள்ளிப் படிப்பை மூன்றாம் படிவத்தோடு நிறுத்திவிட்டு, ரப்பர் பால் எடுக்க அம்மாவோடு மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். விடியற்காலையில் வெட்டு, மத்தியானம் குளித்துவிட்டு பஸ் பிடித்து ஈப்போவில் டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் படிக்கப் போவாள். லயத்தில் எல்லாருக்கும் அது ஒரு வேடிக்கை. "ஏண்டியம்மா, கம்ப்யூட்டர் படிச்சவ வெட்டுனா மரம் மங்கு நெறையப் பால் ஊத்துமோ?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்பார்கள். அக்கா பதில் சொல்ல மாட்டாள். பேச்சில் அவள் அப்பாவைக் கொண்டிருந்தாள்.

அப்பா புகைவீட்டில் வேலை. பாலை உறைய வைத்து, தட்டையாக உருட்டி எடுத்த ரப்பர் ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டு, கீழே விறகு எரித்துப் புகை கொடுக்கிற இடம் அது. வெள்ளையாக உள்ளே போகிற ஷீட் நாலைந்து நாளில் தேன் நிறத்தில் வெளியே வரும். ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும்; பூசணம் பிடித்தால் மட்ட ரகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அப்பா ஷீட்டைத் துடைத்து மறுபடி புகையில் தொங்கவிட்டுவிடுவார். இருபது வருடமாக அப்பாவுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி பூசணம்தான்.

ஈயம் தோண்டுகிற லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த சமயம். மூடிப்போன ஒரு லம்பத்து ஆபீசிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை, ஈப்போவில் லாரி சாமான் கடை வைத்திருந்த சீன முதலாளி, எல்லாருக்கும் அவர் தவுக்கே, வாங்கிப் போட்டிருந்தார். தோட்டத்து லாரி ஓட்டிகளோடு பேசிப் பேசித் தமிழ் பழகியவர் அவர். ஸ்விட்சைப் போட்டால் மெஷின் உறுமும், பச்சை எழுத்தில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் படிக்கிற பெண் என்று யாரோ சொல்லி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"திங்கக்கெழமைக்குள்ள இத ஓட வெச்சிரு. மேச, நாற்காலி, மேல காத்தாடியோட ஆபீஸ் வேல ஒனக்கு. ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு டைப் அடிக்கிற ஆளு ஒன்னு வெச்சிக்குவேன் லா."

சனிக்கிழமை மத்தியானம் அக்கா போனாள். வயசுப் பெண்ணை டவுனில் தனியாக விடக்கூடாது என்று அம்மா என்னையும் துணைக்கு அனுப்பினாள். பள்ளி விடுமுறை. பதினொரு வயதுக்காரன் துணைக்குப் போய் என்ன கிழிக்க முடியும் என்று கேட்காதீர்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

மெஷின் தன்னையே மறந்துவிட்டது என்று அக்கா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அதை எழுப்பி ஓட வைக்கிற விஷயமெல்லாம் அதனுள்ளே அழிந்துபோய்விட்டதாம். கூடவே வந்த அட்டைப் பெட்டியில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. கறுப்பு உறை, நடுவில் ஓட்டை, பக்கவாட்டில் உள்ளிருக்கிற தகடு தெரிகிற மாதிரி ஒரு பிளவு. அந்த இரண்டிலும் இருப்பதை மறுபடி உள்ளே ஏற்ற வேண்டும். வகுப்பிலிருந்து அக்கா இரவல் வாங்கி வந்த டிஸ்க்கை அந்தப் பழைய மெஷின் சீண்டவே இல்லை. அதற்கு அதனுடைய சொந்த டிஸ்க்தான் வேண்டுமாம்.

முதல் டிஸ்க் ஓடியது. கிர்க் கிர்க் என்று சத்தம் போட்டுப் பச்சை எழுத்துகள் வரிவரியாக இறங்கின. தவுக்கே கடைப் பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாவது டிஸ்க்கைப் போட்டதும் பாதியில் நின்றுவிட்டது. படிக்க முடியவில்லை, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று மெஷின் கேட்டது. அக்கா மறுபடி மறுபடி என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு மூடியைக் கழற்றினாள். உள்ளே தூசியோடு பல்லி முட்டை இரண்டு கிடந்தது. பிரஷ்ஷால் தட்டினாள், வயர்களைப் பிடுங்கி மறுபடி செருகினாள், உள்ளே செருகியிருந்த சர்க்யூட் அட்டையின் பித்தளைப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாள். மறுபடி அதே இடத்தில் நின்றது.

கடைசியில் டிஸ்க்கைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, நடு ஓட்டையில் விரல் வைத்து மெல்லச் சுற்றினாள். பிளவு வழியாக வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தன.

"பூசணம்டா," என்றாள்.

வகுப்பு வாத்தியாருக்குப் போன் போட்டுக் கேட்டாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துப் பூப்போலத் துடைத்தால் போய்விடும், கையால் மட்டும் தொடாதே என்றாராம். அக்கா சிரித்தாள். அவள் சிரித்தால் முகமே வேறு மாதிரி ஆகிவிடும். திங்கட்கிழமை வந்து முடித்துத் தருகிறேன் என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டு, இரண்டு டிஸ்க்கையும் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா படிக்கப் போன நாளிலிருந்து அந்தப் பேச்சு வந்தாலே அவர் எழுந்து வெளியே போய்விடுவார். கோபம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அன்றைக்கு எழுந்து போகவில்லை. சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "என்னாது பூசணமா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. வெள்ளையாப் புடிச்சிருக்கு."

அப்பா மறுபடி பிசைந்தார்.

ஞாயிறு மரம் வெட்டு கிடையாது. ஸ்பிரிட்டு கேட்டு வாங்க அக்கா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரைத் தேடிப் போனாள். அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அப்பா வீட்டுக்குள் வந்து, "டேய் சின்னவனே, அக்காவோட அந்தச் சாமான் எங்க இருக்கு?" என்றார். துணிப்பெட்டியில் சேலைக்கு நடுவே அவள் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். எங்கே என்ன இருக்கும் என்பது எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு அதில் எனக்குப் பெருமை.

புகைவீட்டுக்கு ஞாயிறு கிடையாது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. அப்பா டிஸ்க்குகளை ஓரத்தில் பிடித்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நடு ஓட்டையில் நூலைக் கோத்தார். "மேல வேணாம், சூடு ஜாஸ்தி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உள்ளங்கையை நீட்டி அனல் பார்த்துப் பார்த்து நகர்ந்து, ஒரு மூலையில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டார்.

"அப்பா, ஸ்பிரிட்டுலதான் தொடைக்கணும்னு அக்கா சொன்னிச்சு."

"தொடச்சா இன்னிக்குப் போயிரும், நாளைக்கு மறுபடி வந்துரும். பூசணம் நம்ம வேலடா. அது எங்க உக்காரும், எதுக்குச் சாவும்னு எனக்குத் தெரியும்." பிறகு குரலை இறக்கி, "அக்காகிட்ட சொல்லாத. மொதல்ல ஓடட்டும். அப்பறமா சொல்லுவோம்," என்றார்.

அப்பா அவ்வளவு பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

என் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கியபோது, அதைப் பொருத்திக் கொடுத்த பையன் சொன்னான்: டிஸ்க்கை வெயிலில் நிற்கிற காரில் வைத்துவிடாதீர்கள், சூட்டில் வளைந்துவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் படிக்காது. சரி என்று தலையாட்டிவிட்டு நான் வெளியே போய் லாரிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். வெயில் காரின் சூடெல்லாம் எங்கள் புகைவீட்டுக்கு முன்னால் எம்மாத்திரம்.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் கழித்து அப்பா டிஸ்க்குகளை இறக்கினார். பூசணம் போயிருந்தது, அப்பா சொன்னது அதில் பொய்யில்லை. உறை மட்டும் அப்பளம் மாதிரி லேசாக அலை அடித்திருந்தது. சுத்தமான துண்டால் துடைத்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்து நசுக்கினார். பார்வைக்குச் சரியாகிவிட்டது. மறுபடி சேலைக்கு நடுவே நானே வைத்தேன்.

அன்று முழுக்க அக்காவுக்குச் சந்தேகம் வரவில்லை. புகை வாசனை எங்களுக்கு வாசனையே இல்லை. அப்பா சட்டை, பாய், தலையணை, ஏன், சோறுகூட எங்கள் வீட்டில் அந்த வாசனையில்தான் இருக்கும்.

திங்கட்கிழமை வெட்டு முடித்துக் குளித்து, இருப்பதில் நல்ல பாவாடை சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். அப்பா வாசல்வரை வந்தார். "எல்லாம் நல்லா ஓடும், போ," என்றார். அக்கா ஆச்சரியமாக அவரைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் அதையே என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். "பாத்தியாடா, அப்பா வாய் தொறந்து சொன்னாரு."

கடையில் பஞ்சையும் ஸ்பிரிட்டு பாட்டிலையும் மேசைமேல் வைத்துவிட்டு இரண்டாவது டிஸ்க்கை எடுத்தாள். சுற்றிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. முகம் மலர்ந்தது. "தானாவே காஞ்சி போச்சு போல," என்று உள்ளே செருகினாள். மெஷின் கரகரவென்று, கல் அரைக்கிற மாதிரி சத்தம் போட்டது. படிக்க முடியவில்லை என்றது. அவசரமாக முதல் டிஸ்க்கைப் போட்டாள். சனிக்கிழமை அழகாக ஓடிய டிஸ்க். அதே கரகர. அதே வரி.

வெளியே இழுத்து மேசைமேல் வைத்தாள். இரும்பும் எண்ணெயும் மணக்கிற அந்தக் கடையில் அவள் சட்டென்று தலையைத் தூக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. டிஸ்க்கை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனாள். இரண்டு தடவை முகர்ந்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கொடுத்த வாக்குத் தவறாதவன் நான். சுவரில் தொங்கிய பெல்ட்டுகளை எண்ண ஆரம்பித்தேன்.

தவுக்கே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "சனிக்கெழம பாதி வந்திச்சி. இன்னிக்கி ஒண்ணுமே இல்ல. என்னா செஞ்ச நீ?"

"நான்தான் தவுக்கே," என்றாள் அக்கா. "வீட்டுல வெச்சித் தொடச்சேன். சரியாத் தொடைக்கத் தெரியல."

"ஒனக்குத் தெரியும்னு சொன்னியே?"

"தெரியாது தவுக்கே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெஷினின் மூடியை எடுத்து மூடி, அதன்மேல் பிரேக் சாமான் பெட்டி ஒன்றைத் தூக்கி வைத்தார். எனக்கு ஒரு ஆரஞ்சு பாட்டில் கொடுத்தார். நான் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினேன்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா இரண்டு டிஸ்க்கையும் நாலாக மடித்துச் சாக்கடையில் போட்டாள். விளையாட வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன், தரவில்லை. அதற்காக வழியெல்லாம் அவளோடு நான் பேசவில்லை.

தோட்டத்து முச்சந்தியில் பஸ் நின்றபோது அப்பா அங்கே நின்றிருந்தார். வேலை நேரம், ஆனால் துவைத்த சட்டை போட்டிருந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," என்றார். அப்புறம், "ஆச்சாம்மா?"

"இல்லப்பா. மெஷின் ரொம்பப் பழசு. உள்ளயே செத்துப் போச்சு."

"டிஸ்க்கு?"

அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "டிஸ்க்கு சுத்தமா இருந்திச்சிப்பா. ஒரு புள்ளிகூட இல்ல."

அப்பா தலையாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

மறுநாள் பால் நிறுக்கிற இடத்தில் அப்பா, வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடமும் வரிசையில் நின்ற மற்றவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், கம்ப்யூட்டர் டிஸ்க்கில் பிடித்த பூசணத்தையே தான் புகை போட்டு விரட்டிய கதையை. அவர் அப்படிக் கை ஆட்டிப் பேசி நான் பார்த்ததில்லை. "அட, ஈப்போ வாத்தியாருக்கே தெரியாததுலா!" என்றார் மண்டோர். மெஷின் மட்டும் பழையதாக இல்லாமல் இருந்திருந்தால் என்று அப்பா பெருமூச்சு விட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன், சாமானெல்லாம் சரியாகத்தான் இருந்தது, எங்கள் அக்காவுக்குத்தான் கம்ப்யூட்டர் வரவில்லை என்று உரக்கச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பால் வாளிகளோடு அக்கா வரிசையில் நின்றிருந்தாள். அவள் முறை வந்ததும் பாலை ஊற்றினாள், வாளியைக் கழுவினாள், எங்கள் பக்கம் திரும்பாமலே போனாள். தோற்றுப்போனவளுக்கு அப்பாமேல் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.