நமுனுகுலவில் ஓடாத மென்பொருள்

பதுளையில் முப்பத்தொரு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். ஓய்வுபெற்ற பின் கணினி நிரல் எழுதவும் கற்றுக்கொண்டேன். என் கணக்குப் பிழைத்ததாக எவரும் சொன்னதில்லை... சென்ற மாதம் வரை.

நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு ஒரு மென்பொருள் ஆக்கினேன். பெயரைத் தட்டினால் பழைய மாணவர் சேர்வு இடாப்பிலுள்ள விபரம் வரும். ஒரே பெயரை மூன்று விதமாக எழுதியிருப்பார்களே — அவற்றை ஒத்துப் பார்க்க, வேறொருவர் எழுதிய மொடியூல் என்ற துணை நிரல் ஒன்றையும் பயன்படுத்தியிருந்தேன்.

அறிமுக விழாவுக்குப் பெற்றோர் திரண்டிருந்தனர். கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியை செல்வராணி மெல்லக் கேட்டார்.

“சேர், ஒரு தடவை நம்ம கம்பியூட்டர்ல போட்டுப் பாத்துக்குவோமாங்க?”

“என் வீட்டில் நூறு தடவை ஓடியது, டீச்சர்.”

மாலை அணிந்த கழுத்துடன் சுட்டியை அழுத்தினேன். ஆங்கில வரிகள் நிறைந்த சிறு பெட்டி ஒன்று தோன்றியது. அவ்வளவுதான்.

“கம்பியூட்டர என்ன செஞ்சு வச்சிருக்கீங்க டீச்சர்?” என்றார் பாடசாலை அதிபர்.

“நான் ஒண்ணும் தொடலைங்க சேர்.”

எல்லோரும் என்னைப் பார்த்தனர். “பராமரிப்பில் ஏதோ குறை போலும்” என்றேன். அதிபர் அங்கேயே அறைச் சாவியைச் செல்வராணியிடமிருந்து வாங்கிக்கொண்டார். அன்றைய கொழுந்தெடுக்கும் வேலையை விட்டு மகளைப் பார்க்க வந்த செல்வராணியின் அம்மா, முன்வரிசையில் இருந்தார்.

புறப்படும்போது செல்வராணி ஒரு தாளைத் தந்தார். படிக்காமலே சட்டைப்பையில் வைத்தேன். மூன்றாம் நாள், சட்டையைத் துவைக்கப் போடும்போதுதான் பிரித்தேன். பெட்டியில் வந்த வரிகளை ஓரெழுத்தும் விடாமல் எழுதியிருந்தார். கடைசி வரியின் பொருள்: அந்தப் பெயரில் மொடியூல் இல்லை.

எப்படி இருக்கும்? நிரலை ஒரே கோப்பாகக் கட்டியபோது அந்த மொடியூல் உள்ளே சேரவேயில்லை. என் கணினியில் அது முன்பே இருந்ததால் குறை தெரியவில்லை. கையருகே எப்போதும் இருப்பதை நாம் எங்கே கணக்கில் எடுக்கிறோம்? வேறொரு கணினியில் ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அதைத்தான் அவர் கேட்டார்.

ஒரு வரி சேர்த்து மீண்டும் கட்டினேன். பத்து நிமிட வேலை. மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. மறுநாள் பஸ் ஏறினேன்.

ஆசிரியர் அறையில், அதிபர் முன்னிலையில், பிழை என்னுடையது என்றேன். சாவி திரும்பக் கிடைத்தது. மென்பொருளும் ஓடியது.

செல்வராணி சிரிக்கவில்லை. “ஸ்டாஃப் ரூம்ல சொல்லிட்டீங்க சேர். எங்க லயத்து வீடுகள்ல யாருங்க சொல்றது? அம்மா மூணு நாளா யார் மொகத்தையும் பாக்கலை.”

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை, தொழிலாளர் குடியிருப்பான அந்த லயத்திலும் படிப்பார்கள். ஆகவே எழுதுகிறேன்.

டீச்சர் பழுதாக்கிய கணினியைச் சேர் வந்து திருத்திக் கொடுத்தார் என்று இப்போது பேசுகிறார்களாம்.

அந்தக் கணினி பழுதாகவே இல்லை.