அம்மன் தலையில் இருந்த அக்காவின் கிரீடம்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். அக்காவைப் புகழ்ந்து நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். புகழ்வதற்கு முன் ஒரு பழியைத் துடைக்க வேண்டியிருக்கிறது.

தெமோதரைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லய வரிசையின் கடைசி வீட்டில் அக்கா பிறந்தார். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். உயர்தரப் பரீட்சை முடித்ததும் அக்கா பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடை முதலாளியம்மாதான் அக்காவின் படத்தைக் கொழும்பில் நடந்த அழகிப் போட்டிக்கு அனுப்பி வைத்தார். இரவல் சேலையில் போன அக்கா கிரீடத்தோடு திரும்பி வந்தார்.

அன்று தோட்டமே எங்கள் வாசலில் நின்றது. அப்பா கிரீடத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நேரே மாரியம்மன் கோயிலுக்கு நடந்தார். மகள் ஜெயித்தால் கிடைப்பதை அம்மனுக்குச் சாத்துவதாக அவருக்கு வேண்டுதல். பூசாரி கிரீடத்தைச் சாத்தினார். அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அக்கா வாய் திறந்தார்.

"அப்பா, அது எனக்கே குடுத்தது இல்லப்பா. அடுத்த வருசம் ஜெயிக்கிற பிள்ளைக்குத் திருப்பிக் குடுக்கணும்."

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. ஓடிப்போய்ப் பூசாரியிடம் கேட்டார். "சாத்துனத எடுத்தா ஆத்தா சும்மா விடுவாளா? தோட்டத்துல ஒரு உசுரு போனா யாரு பதில் சொல்றது?" என்றார் அவர்.

"விடுங்கப்பா. தொலைஞ்சிருச்சின்னு சொல்லிக்கிறேன்" என்றார் அக்கா. உண்மையைச் சொன்னால் போட்டிக்காரர்கள் கோயிலுக்கே வந்து கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு வெறுங்கையோடு மேடைக்குப் போனார். புதுப் பெண்ணுக்குப் பூவளையம் வைத்துச் சமாளித்தார்கள். தொலைந்தது என்பதை யார் நம்புவார்கள்? தோட்டத்துப் பெண் கிரீடத்தை விற்றுவிட்டாள் என்று பேப்பரில் வந்தது. பட்டத்தையும் பறித்தார்கள். எங்கள் தோட்டத்தில் அத்தனை பேருக்கும் கிரீடம் இருக்கும் இடம் தெரியும். ஒருவர்கூடப் போய்ச் சொல்லவில்லை. எனக்கு அப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் சொல்லவில்லை.

அக்கா கொழும்பிலேயே தங்கி நடிகையானார். கதாநாயகி வேடம் கைக்கு வரும், யாராவது பழைய கதையை எடுப்பார்கள், வேடம் போய்விடும். டெலி நாடகங்களில் வேலைக்காரியாக, நர்சாக, கொழுந்து எடுக்கும் பெண்ணாக வந்தார். ஒரு படப்பிடிப்பில் கூடைக் கயிற்றைத் தோளில் மாட்டச் சொன்னார்களாம். "தலையில மாட்டணும் சார், இல்லாட்டி எங்க ஆளுங்க சிரிப்பாங்க" என்று சொல்லி மாட்டிக் காட்டினாராம். கிரீடம் வைத்த தலைக்குக் கூடைக் கயிறு என்று அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாணப் பேச்சும் அதே கதையால் இரண்டு முறை நின்றது. ஒற்றை அறையில் தனியாக இருந்தார். தைப்பொங்கலுக்கு ஒரு கை அரிசி போட்டுப் பொங்கி, பாதியை மறுநாளும் சாப்பிட்டதாகச் சொல்வார். அப்பா அம்மா இறந்தபோது வந்தார், காரியம் முடிந்ததும் போய்விட்டார். திருவிழாவுக்கு வரவே மாட்டார். நான் போனில் படம் அனுப்புவேன். "அம்மன பெரிசாக்கிப் பாத்தேன்டி. ரெண்டு கல்லு விழுந்திருக்கு போல" என்பார்.

போன வருடம் கோயில் திருப்பணி நடந்தது. அம்மனுக்குப் புது வெள்ளிக் கிரீடம் வந்தது. பழையதைப் பூசாரியின் மகன் ஸ்டூலில் ஏறிக் கழற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் தந்தார். ஐந்து நிமிட வேலை. தோட்டத்தில் ஒருவருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை.

உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, கிரீடத்தக் கழட்டிட்டாங்க. என்கிட்டதான் இருக்கு. வந்து எடுத்துக்கிறியா?"

அக்கா மெதுவாகக் கேட்டார்.

"எடுக்கலாமாடி அத?"

எனக்குப் பதில் வரவில்லை. "ஷூட்டிங் முடிச்சிட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டார். அவர் வரவில்லை. போன் பேசிய ஒன்பதாம் நாள் நாங்கள்தான் அவரைக் கொண்டு வந்தோம்.

கதவு திறக்கவில்லையே என்று முதலில் பதறி எங்களுக்குச் சொன்ன பக்கத்து வீட்டுச் சிங்களத் தாய்க்கும், கூடவே வந்த நாடகக் குழுவினருக்கும், மழையில் வழுக்கும் பாதையில் அக்காவைத் தோளில் சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் படத்துக்கு முன்னால் அந்தக் கிரீடத்தை வைத்திருக்கிறோம். உங்களில் பலர் அதை வருடக்கணக்காகக் கும்பிட்டவர்கள். அவர் அதை விற்கவில்லை என்று இனியாவது வெளியே சொல்லுங்கள்.

எடுக்கலாம் அக்கா. அன்றைக்கே எடுத்திருக்கலாம்.