யானைக்கும் அதே எழுத்து

சானமாவுக் காட்டை ஒட்டிய எங்கள் ராகிக் கொல்லையில் யானை இறங்கினால் வெடி போட்டுத்தான் விரட்டுவோம். அப்படி ஒரு சாயங்காலம், மூன்று வயது மகளைத் தோளில் வைத்துக்கொண்டே என் கணவர் வெடியைக் கொளுத்திப் போட்டார். பிள்ளை வீறிட்டு அழுதாள். அதற்குப் பிறகு அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டே போனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "அப்பன் போட்ட வெடிதான் புள்ள காத அடைச்சிடுச்சு" என்றார்கள். அவரும் அதை நம்பினார்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துவார். மகளுக்குக் காது மெஷின் வைத்த பிறகும் முணுமுணுப்பாகத்தான் பேசுவார். அது மெஷினுக்கும் எட்டாது. "அம்மா, அப்பாவுக்கு எம்மேல கோவமா? எங்கூடப் பேசறதே இல்ல" என்று அவள் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொஞ்சம் கத்திப் பேசித் தொலைங்களேன் மாமா!" என்று நான் கத்தினேன். அவர் என் அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாமாதான். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அத்திப்பள்ளியைத் தாண்டி, கர்நாடகப் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. புரதங்களின் வடிவத்தைப் பார்ப்பதுதான் பிழைப்பு. மகளுக்கு எடுத்த மரபணுச் சோதனையில், ஒரு புரதத்தில் ஒரே ஓர் எழுத்து, அதாவது ஒரே ஓர் அமினோ அமிலம், மாறியிருப்பதாக வந்தது. அதனால் கெடுதலா இல்லையா, தெரியவில்லை என்றார்கள். தெரியவில்லையாம்! எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

உடம்பில் புரதம் கட்டுகிற வேலை ஓயாமல் நடக்கிறது. அதற்கு வேண்டிய அமினோ அமிலங்களைச் சுமந்து வருவது டி.ஆர்.என்.ஏ. அதைப் பிடித்து நிறுத்தி, சரியான சுமையை ஏற்றிவிடுவது இந்தப் புரதம். திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மகளுக்கு மாறியிருந்தது அந்தப் பிடி விழுகிற இடத்திலேயே. பிறகு மற்ற உயிர்களின் அதே புரதத்தை வரிசையாக அடுக்கினேன்: ஈஸ்ட், மீன், ராகி, யானை. சுற்றிலும் எத்தனையோ எழுத்துகள் மாறிக் கிடந்தன. அந்த ஓர் இடத்தில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்து. கோடிக்கணக்கான வருஷமாக அங்கே எந்த மாற்றமும் நிலைக்கவில்லை. அங்கே மாறினால் கெடுதல் என்றுதான் அர்த்தம். டாக்டர் எங்கள் இருவர் ரத்தத்தையும் சோதித்துவிட்டு, காது மந்தத்துக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கொல்லைக்குப் போனேன்.

"வெடி இல்ல மாமா. பொறக்கும்போதே இருந்திருக்குது. கெட்டுப்போன மரபணு உங்ககிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு. ரெண்டுமே தாத்தா வழியா வந்திருக்கும். நமக்கு இன்னொண்ணு நல்லா இருக்கறதால தப்பிச்சோம். அவளுக்கு ரெண்டும் கெட்டதாவே போயிடுச்சு. யானை வரைக்கும் மத்த உசுருங்களோட ஒப்பிட்டுப் பாத்துட்டேன்."

"யானைக்கு?"

"யானைக்குச் சரியா இருக்குது. இந்த ராகிக்கும்தான்."

அவர் காட்டுப் பக்கம் பார்த்தார். "எல்லாத்துக்கும் சரியா இருக்கறது எம்புள்ளைக்கு மட்டும்…" முடிக்காமல் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று எங்களைக் கட்டிவைத்தவர்கள் மேல் ஆத்திரம் வந்தது. அவர்கள் என்ன தெரிந்தா செய்தார்கள்?

வீட்டை நெருங்கும்போது மகள் வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "பாப்பா!" என்று கூப்பிட்டார்.

அவள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஏம்ப்பா கத்தற? கேக்குது."