சங்கச் சுவரில் என் மச்சம்

முல்லைத்தீவுக் கரையில், எங்கள் மீனவர் சங்கத்தின் சுவரில், மீன்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் இப்போதும் நிற்கிறாள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவளுடைய இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது. அது என்னுடையது. அதைத் தூக்கித் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒன்பது வயதில் நான் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வந்து நின்ற விடுமுறை அது. அவருக்கு லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு ரயர் கடையில் வேலை. கூட வேலை செய்தவர்கள் மெக்சிக்கோ வம்சத்து ஆட்கள். தங்களைச் சிக்கானோ என்று சொல்லிக்கொள்கிறவர்கள். லீவு நாட்களில் தெருச்சுவர், பாலத்தூண் என்று பார்க்காமல் வீட்டளவு படம் கீறுவார்களாம். ஏணி பிடிக்கப் போன சித்தப்பா தூரிகையையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

“பெரிய ஆக்களை அவங்கள் கீறமாட்டாங்கள்,” என்று சங்கத் தலைவருக்கு விளங்கப்படுத்தினார். “தங்கடை தெருவில இருக்கிற ஆக்கள், இருந்த ஆக்கள், அவ்வளவுதான். எங்களைப் போல கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரியோட திரியிற சனம்.”

“எங்கடை மூஞ்சியளைக் கீறினா மீனெல்லாம் பயத்தில ஆழக்கடலுக்குப் போயிடும், தம்பி,” என்றார் தலைவர். ஆனாலும் சுவரைத் தந்தார்.

ஊர்ப்பெண் ஒருத்தியைக் கீறப்போகிறார், முகம் பார்த்துக் கீற ஒரு பிள்ளை வேண்டுமாம் என்று கேள்விப்பட்டதுதான் தாமதம், நான் பவுடர் பூசிக்கொண்டு போய் நின்றேன். சித்தப்பா என் நாடியைப் பிடித்து அங்கும் இங்கும் திருப்பினார்.

“நீ அம்மாவை உரிச்சு வைச்சிருக்கிறாய், குஞ்சு. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வா.”

தங்கச்சிக்கு ஆறு வயது. எந்நேரமும் மூக்கு வழியும். அவளுக்குப் பூவரச நிழலில் கதிரை, கையில் ஐஸ்பழம். எனக்கு நூல் பிடிக்கிற வேலை. நீலத்தூள் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துச் சுண்டினால் கோடு விழும். அப்படிக் கட்டம் போட்டுத்தான் தாளில் இருக்கும் சின்னப் படத்தைச் சுவரளவு பெரிதாக்குவது. ஒவ்வொரு சுண்டலுக்கும் என் பவுடரில் நீலம் வந்து ஒட்டியது.

“அக்கா நீலமாப் போறா,” என்று கதிரையிலிருந்து சிரித்தாள் அவள்.

பிறகுதான் வேடிக்கை. மீன் ஏலம் முடிந்து வந்த பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு முகத்தைத் திருத்த ஆரம்பித்தார்கள். நாடி இவ்வளவு கூர் இல்லை என்றார் ஒருவர். சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறும் என்றார் இன்னொருவர். யாரும் ஒரு பெயரும் சொல்லவில்லை. சித்தப்பா அழிப்பார், கீறுவார், கீழே பார்ப்பார். அவர்கள் தலையாட்டும்வரை அடுத்த நிறம் கிடையாது. மூக்கு வழிகிறவளைக் கொண்டை போட்ட குமரியாக்கி, இல்லாத அழகையெல்லாம் ஊரே சேர்ந்து அவளுக்குக் கொடுக்கிறதே என்று நான் வெந்துகொண்டிருந்தேன்.

“எல்லாஞ் சரி. மச்சம் எங்கை?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா ஏணியால் இறங்கி, என் தலைமயிரை ஒதுக்கி, காதுக்குக் கீழே வெகுநேரம் பார்த்தார். பிறகு மேலேறி, அதே இடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“அவாவேதான்,” என்றார் ஒருவர்.

என்னிடம் இருந்த ஒரேயொரு விசேஷமும் போய்விட்டது. எனக்குச் சோறு வேண்டாம் என்றேன். மச்சத்துக்கும் சண்டையோ என்று அம்மா சிரித்தார். சிரித்தபடியே குசினிக்குள் போனவர் கனநேரம் வெளியே வரவில்லை.

எனக்கு ஒரு மாமி இருந்தார் என்பது பல வருடம் கழித்துத்தான் என் காதுக்கு வந்தது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கை. சண்டையின் கடைசி இடப்பெயர்வில் மாமியும் போனார், படங்கள் இருந்த அல்பமும் போனது. பெயர் காதில் விழுந்தால் அப்பா சாப்பாட்டை விட்டு எழும்பிவிடுவார் என்பதால் வீட்டில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. படமில்லாத அந்த முகத்தைத்தான் ஊர் தன் ஞாபகத்திலிருந்தும், தங்கச்சியிடமிருந்தும், என் காதடியிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்திருக்கிறது.

படம் கீறிய அந்த வருடக் கல்லறைத் திருநாள் மழையோடு வந்தது. சித்தப்பா எப்போதோ திரும்பிப் போய்விட்டார். சேமக்காலையில் எல்லாரும் தங்கள் தங்கள் கல்லறைகளுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்க, அப்பா எங்கும் நிற்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு சங்கச் சுவருக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தோனியார் சொரூபத்துக்குக்கூட அவ்வளவு எரிந்து நான் கண்டதில்லை. அப்பாவும் ஒன்றைக் கொளுத்தினார். தங்கச்சி வீட்டில் போர்வைக்குள் நித்திரை, இங்கே அவளுக்கு ஆராதனை. எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்த மச்சம் என்ரை, அப்பா. அழிக்கச் சொல்லுங்கோ.”

அப்பா குந்தி இருந்து, நனைந்த விரலால் என் காதுக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். பிறகு அதே இடத்தில் கொஞ்சினார்.

“அது அங்கையும் இருக்கட்டும், குஞ்சு. உன்னட்டையும் இருக்குத்தானே.”

மழை பலத்தது. அப்பா குடையை என் தலைக்கு மேலே பிடிக்கவில்லை. அந்த மெழுகுதிரிக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறையும் தங்கச்சிதான் வென்றாள் என்று, நனைந்துகொண்டே நான் முடிவுகட்டினேன்.