மனுக் கொடுக்காமல் இருந்த மாதங்கள்

மனைவி இறந்துபோன பிறகு, பர்மாவில் போட்டாதாங் துறைமுகப் பேட்டையில், நாலாவது மாடி வீட்டில், நான் மட்டும்தான். துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். ஞாயிறு தோறும் கூப்பிடுவாள்.

மழைக்காலத்தில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுதான்.

"அப்பா, படுக்கையில விழுந்துட்டா ஆள் வச்சுப் பாத்துக்கப் பணம் தர்ற இன்சூரன்ஸ் அங்க வந்திருக்காம். நான் கட்டுறேன். நீங்க போய் மனு மட்டும் கொடுங்க."

"பாக்கலாம்மா."

கம்பெனி நிலைக்குமா என்றேன். இன்னும் நன்றாகத்தானே நடக்கிறேன் என்றேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் சொல்லாத காரணம் வேறு. நான் போகாததால் அவள் புதன்கிழமையும் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். "இன்னும் போகலியா?" என்று திட்டுவாள். திட்டி முடித்ததும் பேரப்பிள்ளைகள், சமையல் என்று பேச்சு நீளும். அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டாவது மாடியில் ஒரு பர்மிய அம்மா பக்கவாதம் வந்து படுத்திருந்தார். மகன் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டான். ஒருநாள் படியேறும்போது மூச்சு வாங்கியது. கதவு திறந்திருந்ததால் உள்ளே போய் உட்கார்ந்தேன். மகன் அழுக்குத் துணியோடு பின்பக்கம் போனதும் அந்த அம்மா கோணிய வாயால் பர்மியில் மெல்லச் சொன்னார்:

"நல்ல பிள்ளைதான். தூக்குறான், துடைக்கிறான், புரட்டிப் படுக்க வைக்கிறான். என்கிட்ட பேசுறதுதான் நின்னுபோச்சு."

மாடி ஏறி வந்தும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. என் மகளும் இப்படி என்னைத் தூக்கித் தூக்கி ஊமையாகிவிடக் கூடாது. அடுத்த வாரமே இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த பர்மியப் பெண், 'ஊலே' என்று மாமா முறை வைத்து, மரியாதையாகத்தான் கேட்டாள். "குளிக்க, உடுத்த உதவி வேணுமா, ஊலே?"

"வேண்டாம்."

"வீட்டுல கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்லை."

அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மனுவை ஏற்றுக்கொண்டார்கள். மகளிடம் சொன்னதும், "அப்பாடா! இனிமேத்தான்ப்பா நிம்மதியாத் தூங்குவேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. அத்தனை நாளாக அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலில் புதன்கிழமை அழைப்பு நின்றது. பிறகு ஞாயிறுகளில் பிள்ளைகளின் படம் மட்டும் வந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன்; வேலை, வீடு, பள்ளிக்கூடம் என்று ஓடுகிறவள்.

போன ஞாயிறு நானே கூப்பிட்டேன்.

"என்னப்பா, உடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாத்தான்."

"கடையில நிக்கிறேன்ப்பா. அப்புறம் கூப்பிடட்டா?"

சரி என்றேன். மத்தியானம் கரண்ட் போய்விட்டது, போனும் அணைந்துவிட்டது. சாயங்காலம் விளக்கு எரிந்ததும் எழுந்துபோய் போனைச் சார்ஜில் போட்டேன்.