பஞ்சு எடுத்த அன்று

தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டில் அவர். குற்றாலத்தில் வெள்ளம் வருமுன் அருவி இரைச்சல் மாறுவதைக் கேட்டதும் விசில் ஊதிக் குளிப்பவர்களை வெளியேற்றும் காவலாளி. நெட்டையான ஆள். யார் பேசினாலும் வாயையே பார்ப்பார். அருவிச் சத்தத்தில் பழகியதாம். இடது காது ஏற்கெனவே மந்தம். தலைசுற்றலுக்காக வலது உள்காதில் லேசர் வைத்திருந்தார்கள். கேட்கும் திறனைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார்.

வலது காதிலிருந்து பஞ்சு எடுத்த அன்று, இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"ஏதாவது சொல்லுங்க அண்ணாச்சி. இதுவும் போச்சுன்னா நான் வேலைக்கு எங்கன போவேன்?"

எனக்குத் தொண்டையில் அறுவை. ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. என் மனைவி அந்த டாக்டருக்குக் கோயில் கட்டாததுதான் குறை. சத்தமே எழாமல், 'இட்லி கல்லு மாதிரி இருக்கு' என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

"இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லுதீய! நல்லாக் கேக்குது அண்ணாச்சி!"

அவர் கண் நிறைந்துவிட்டது. எழுதிக் காட்ட மடியில் நோட்டு இருந்தது. நான் எழுதவில்லை.

அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். இப்போதெல்லாம் நான் அருவிக்குப் போனால் குளிப்பதில்லை. தள்ளி நின்று, இரைச்சல் மாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.