கேளாமல் பகிர்ந்த படம்

நான் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். தஞ்சாவூருக்கு அருகில் எங்களுக்கு வயல் உண்டு. அதில் நடவுக்கு வரும் மல்லிகாவுக்கும் அவர் மகளுக்கும் கிறிஸ்துமஸுக்குப் புடவை கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற ஆண்டு அதைப் படமெடுத்து, 'ஏழைகளோடு எங்கள் பண்டிகை' என்று எழுதி, உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் ஆலயக் குழுவிலும் பகிர்ந்தேன். பாராட்டுகள் குவிந்தன.

மறுநாள் மல்லிகா வந்தார்.

"ஐயா, புள்ளைக்கு தை மாசம் நிச்சயங்க. மாப்பிள்ளை வீட்டுல அந்தப் படத்தக் காட்டி, 'தானம் வாங்குற வீடா'ன்னு கேக்குறாங்க. எடுத்துடுங்க."

உடனே நீக்கினேன். ஆனால் படம் அதற்குள் பல குழுக்களுக்குப் போயிருந்தது. முன்பின் அறியாதவர்களும் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். தவறு என்னுடையது என்று எழுதினாலன்றி அது நிற்காது. எழுதினால் என் மதிப்பு என்னாவது? கைபேசியில் எழுதத் தொடங்கியதை இரண்டு முறை அழித்தேன்.

"ஊரே வள்ளல்னு சொல்லுது. எறங்கி வர மனசு வரலியோ?" என்றாள் என் மனைவி.

'அவர்கள் சம்மதமின்றி நான் வெளியிட்ட படம் அது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள்' என்று எல்லோருக்கும் எழுதினேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் நேரில் சென்று அதையே சொன்னேன்.

திருமணம் நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. குறைசொல்ல எனக்கு உரிமையில்லை.

இப்போது யாருடைய படத்தையும் அதில் இருப்பவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகே பகிர்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புடவையோடு சென்றேன். மல்லிகா முதலில் என் இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகுதான் வாங்கிக்கொண்டார்.